இதயத்தை அறிவோம்



‘கல்பு’ என்னும் சொல் நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்குகின்ற சொல். ஒருவருடைய பேச்சால் மனம் வருந்தினால் கல்பு நொந்துவிட்டது என்கிறோம். இரக்கமில்லாதவரைக் கல்பு இறுகியவர் என்கிறோம். எண்ணம், இரக்கம், அச்சம், அன்பு ஆகிய அனைத்துக்கும் அச்சொல்லையே இருப்பிடமாக்கி விட்டோம். ஆனால் நெஞ்சுக்கூட்டினுள் இரவு பகல் ஓயாது துடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சதைப் பிண்டத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது எவ்வளவு? அதற்கு எத்தனை அறைகள்? அதற்கு உணவு எங்கிருந்து கிடைக்கிறது? அது நோயுற்றால் நமக்கு எப்படி அறிவிக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமையால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் பல நம் வீடுகளிலேயே பிரிந்துவிடுகின்றன.

இக்கட்டுரையை எழுதுபவன் மருத்துவன் அல்லன். மதரஸாவில் பாடம் நடத்துபவன், கலைப் பாடம் படித்துப் பட்டம் பெற்றவன். எனினும், மருத்துவர்கள் கூறுவதைக் குடும்பத்தார்க்குப் புரியும் வகையில் எடுத்துரைப்பது எழுதத் தெரிந்த எவர்க்கும் கடமையே என்று கருதி எழுதுகின்றேன்.

அமைப்பு

ஒருவருடைய இதயம் ஏறத்தாழ அவருடைய மூடிய கையளவு இருக்கும். வளர்ந்தவர்களில் அதன் எடை 250 முதல் 350 கிராம் வரை. இதயம் இடப்பக்கத்தில் இருக்கிறது என்று நாம் சொல்லி வந்தாலும், உண்மையில் அது மார்பின் நடுவில், நெஞ்செலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் இடையில் அமைந்துள்ளது. அதன் கூரிய கீழ்முனை மட்டும் இடப்புறம் சாய்ந்து நிற்கிறது. அம்முனையின் துடிப்பையே நாம் இடப்பக்க மார்பில் உணர்கிறோம். இந்தச் சிறு செய்தியை நினைவில் இருத்துங்கள். மாரடைப்பின் வலி பெரும்பாலும் நெஞ்சின் நடுவில்தான் தோன்றும். “இடப்பக்கம் வலிக்கவில்லையே, ஆகவே இதய வலி அன்று” என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

இதயத்தைச் சுற்றி இரு மடிப்புள்ள உறை ஒன்று உண்டு. அம்மடிப்புகளுக்கிடையே உள்ள சிறிதளவு நீர், உராய்வின்றித் துடிப்பதற்கு உதவுகிறது. உள்ளே நான்கு அறைகள். மேலறைகள் இரண்டும் இரத்தத்தை வாங்குபவை. கீழறைகள் இரண்டும் இரத்தத்தை வெளியே தள்ளுபவை. பள்ளிப் பாடநூல்களில் இவற்றை ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று படித்திருப்பீர்கள்.

இதயத்தை ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே சுவர் எழுப்பி, வலப்பாதி, இடப்பாதி என்று பிரித்த வீடு. ஒவ்வொரு பாதியிலும் மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை. மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லக் கதவு உண்டு. ஆனால் வலப்பாதியிலிருந்து இடப்பாதிக்குச் செல்ல நடுச்சுவரில் வாசல் இல்லை. அடுத்த பாதிக்குச் செல்ல வேண்டுமாயின் தெருவில் இறங்கிச் சுற்றித்தான் வரவேண்டும்.

இரத்தமும் அவ்வாறே செல்கிறது. உடல் முழுவதும் சுற்றி, பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுக் கரியமில வாயுவைச் சுமந்து திரும்பும் இரத்தம் வலது மேலறையை அடைகிறது. அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்கி, நுரையீரல் தமனி வழியாக நுரையீரல்களுக்குச் செல்கிறது. அங்கே தூய்மை பெற்று, நுரையீரல் சிரைகள் வழியாக இடது மேலறைக்கு வந்து, இடது கீழறைக்கு இறங்கி, பெருந்தமனி மூலம் உடலெங்கும் பாய்கிறது. அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் அனுப்பும் வலது கீழறையின் சுவர் மெல்லியது. உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்பவேண்டிய இடது கீழறையின் சுவரோ அதனைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பானது.

ஓய்வாக இருக்கையில் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி லிட்டர் இரத்தம் வெளியேறுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்புகள் எனக் கொண்டால் 5 லிட்டர் ஆகிறது. நம் உடலில் உள்ள இரத்தமும் அவ்வளவே. அதாவது உடலின் இரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கடந்துவிடுகிறது. ஒரு நாளில் துடிப்புகள் ஒரு இலட்சத்துக்கும் மேல். தள்ளப்படும் இரத்தம் 7000 லிட்டருக்கும் மேல். இந்தக் கணக்கைச் சிந்தித்தால், படைத்தவனின் வல்லமையை எண்ணி வியக்காமல் இருக்க முடியுமா?

நடுச்சுவரும் ஒரு மேதையும்

நடுச்சுவரில் வாசல் இல்லை என்று மேலே எளிதாகச் சொல்லிவிட்டோம். இந்த ஓர் உண்மையை உலகம் அறிந்துகொள்ள ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், அரபு நூல்களில் ஜாலீனூஸ் என்று குறிக்கப்படுபவர், இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன என்றும், அவற்றின் வழியாக இரத்தம் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்குக் கசிகிறது என்றும் எழுதினார். மருத்துவ உலகம் அதை அப்படியே ஏற்றது. மேதை இப்னு சீனா அவர்களும் தமது ‘அல்கானூன்’ நூலில் இவ்விஷயத்தில் அவ்வழியையே பின்பற்றினார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் அருகே பிறந்தவர் இப்னுந் நஃபீஸ். அந்நகரின் நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்று, பின்னர் கெய்ரோவில் குடியேறினார். அவர் மருத்துவர் மட்டும் அல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைப் போதித்த ஆசிரியருமாவார். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் இன்றும் பின்பற்றப்படும் அதே மத்ஹபு. காலையில் சட்டப் பாடத்துக்கும் மாலையில் மருத்துவத்துக்கும் இடையே சுவர் எழுப்பாத காலம் அது.

கி.பி. 1242 அளவில் அவர் இப்னு சீனாவின் நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’ என்பது அதன் பெயர். மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஷரஹ் என்றால் என்னவென்று தெரியும். மூல நூலின் சொற்களை விளக்குவதே உரையாசிரியரின் வேலை. மூலத்தை மறுப்பது அரிது. ஆனால் இப்னுந் நஃபீஸ் மறுக்கவேண்டிய இடத்தில் மறுத்தார். இதயத்தின் நடுச்சுவர் கெட்டியானது. அதில் கண்ணுக்குத் தெரிந்த துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. வலப்புற இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்த பின்னரே இடப்புறம் வந்து சேர வேண்டும் என்று எழுதினார். இதயம் தன் அறையிலுள்ள இரத்தத்தால் ஊட்டம் பெறுவதில்லை, தன் சதையில் பரவியுள்ள குழாய்களாலேயே ஊட்டம் பெறுகிறது என்றும் கூறினார்.

மனித உடலை அறுத்துப் பார்ப்பதை மார்க்கச் சட்டமும் தம் இரக்க உணர்வும் தடுத்தன என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். இரத்தம் உடல் முழுவதும் சுற்றி மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்ற முழு உண்மையை அவர் கூறவில்லை. அதனை நிறுவியவர் 1628இல் நூல் வெளியிட்ட இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி. தமனிக்கும் சிரைக்கும் இடையேயுள்ள தந்துகிகளை 1661இல் நுண்ணோக்கியில் கண்டு எழுதியவர் இத்தாலியரான மால்பீகி. எனினும் நுரையீரல் வழிச் சுற்றோட்டத்தை முதலில் எழுதி வைத்த பெருமை இப்னுந் நஃபீஸையே சாரும். ஐரோப்பாவில் அது அச்சேறியது 1553இல், செர்வீட்டஸ் என்பவரின் நூலில்தான். இடையே முந்நூறு ஆண்டுகள்.

வருந்தத்தக்க செய்தி என்னவெனில், நாமே அவரை மறந்துவிட்டோம். 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவீ என்னும் எகிப்திய மருத்துவர், பெர்லின் நூலகத்தில் கிடந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆய்வுரை அளித்த பிறகே உலகம் இதனை அறிந்தது. இப்னுந் நஃபீஸ் ஹிஜ்ரி 687, கி.பி. 1288இல் கெய்ரோவில் மறைந்தார். தம் வீட்டையும் நூல்களையும் அந்நகரின் மன்சூரி மருத்துவமனைக்கே வக்ஃபாக விட்டுச் சென்றார்.

இந்த வரலாற்றை இங்கு விரித்ததற்குக் காரணம் உண்டு. பெரியவர் சொன்னார் என்பதற்காக அவர் எதையும் ஏற்கவில்லை. பெரியவரை அவமதிக்கவும் இல்லை. நம் வீடுகளில் இதயத்தைப் பற்றிப் பரம்பரையாகச் சொல்லப்படும் சில தவறான கருத்துகளையும் அதே முறையில் மதிப்போடு விலக்கிவிட வேண்டும்.

துளையோடு பிறக்கும் குழந்தை

தாயின் கருவறையில் குழந்தையின் நுரையீரல் இயங்குவதில்லை. ஆகவே அக்காலத்தில் இரு மேலறைகளுக்கும் இடையே ஒரு திறப்பு இருக்கும். குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்தவுடன் அது மூடத் தொடங்கும். சில குழந்தைகளுக்கு இவ்விடத்திலோ, கீழறைகளின் நடுச்சுவரிலோ துளை நின்றுவிடும். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது.

பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்துப் போதல், எடை கூடாமை, அடிக்கடி சளிக் காய்ச்சல், உதடும் நகமும் நீலம் பூத்தல் ஆகியவை அடையாளங்கள். இவற்றைக் கண்ணேறு என்று கருதித் தண்ணீர் ஓதிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஓதுவதை எவரும் தடுக்கவில்லை. ஓதிய கையோடு குழந்தையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். சிறு துளைகள் பல தாமே மூடிவிடுகின்றன. மூடாதவற்றை அடைக்க இன்று வழி இருக்கிறது. தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவைச் சிகிச்சைகளும் அடங்கும்.

துடிப்பும் ஓய்வும்

இதயத்தைத் துடிக்கச் சொல்வது யார்? மூளையன்று. வலது மேலறையின் சுவரில் உள்ள ஒரு சிறு திசு முடிச்சு தானே மின்துடிப்பை எழுப்புகிறது. 1907இல் இதனைக் கீத், ஃபிளாக் என்னும் இரு அறிஞர்கள் கண்டறிந்தனர். அத்துடிப்பு முதலில் மேலறைகளைச் சுருக்குகிறது. நடுவே ஒரு கணம் தயங்குகிறது. பின்பு கீழறைகளுக்குப் பரவுகிறது. அந்தத் தயக்கம் இல்லாவிட்டால், கீழறை நிரம்பும் முன்பே அது சுருங்கிவிடும். மூளையிலிருந்து வரும் நரம்புகள் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்கின்றன. ஈ.சி.ஜி. என்னும் சோதனை இந்த மின்துடிப்பின் வரைபடமே ஆகும்.

மருத்துவர் கேட்கும் ‘லப்-டப்’ ஒலி, இதயத்தின் கதவுகளாகிய வால்வுகள் மூடும் ஓசை. மேலறை, கீழறைகளுக்கு இடையேயுள்ள இரு வால்வுகள் மூடுவது முதல் ஒலி. பெருந்தமனியின் வாயிலிலும் நுரையீரல் தமனியின் வாயிலிலும் உள்ள வால்வுகள் மூடுவது இரண்டாம் ஒலி.

இதயம் ஓய்வதே இல்லை என்கிறோம். அது முழு உண்மையன்று. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்குவது 0.3 விநாடி, தளர்ந்திருப்பது 0.5 விநாடி. அந்தச் சிறு ஓய்வில்தான் இதயத்தின் சொந்தச் சதைக்குப் பெரும்பாலான இரத்தம் பாய்கிறது.

மாரடைப்பு: வாயு என்று எண்ணாதீர்

ஆம், ஊரெல்லாம் உணவு வழங்கும் இதயத்துக்கும் உணவு வேண்டும். பெருந்தமனியின் அடியிலிருந்து கிளைக்கும் இரு கரோனரி தமனிகள் அதனை வழங்குகின்றன. கொழுப்பு படிந்து குறுகிய தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பாலுள்ள சதை பட்டினியால் மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. மடிந்த இதயச் சதை மீண்டும் வளர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் விலையுயர்ந்தது. அடைப்பை மருந்தால் கரைக்கவோ, குழாய் செலுத்தித் திறக்கவோ முடியும்; ஆனால் நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நள்ளிரவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். “இரவு வலீமா விருந்தில் சாப்பிட்டது செரிக்கவில்லை, வாயுப் பிடிப்பு” என்கிறார்கள். ஓம நீர், சோடா, தைலம் என்று ஒரு மணி நேரம் போகிறது. “விடியட்டும், பார்க்கலாம்” என்று இன்னும் நான்கு மணி நேரம் போகிறது. விடியும்போது காலம் கடந்துவிடுகிறது.

நெஞ்சின் நடுவே பாரம் ஏற்றியது போன்ற அழுத்தம் அல்லது இறுக்கம், அது இடத்தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல். இவற்றுள் சில சேர்ந்து தோன்றினால் அது செரிமானக் கோளாறுதானா என்று முடிவு செய்யும் பொறுப்பை நாம் ஏற்கலாகாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். நோயாளியை நடக்கவோ படியேறவோ விடாமல் 108க்கு அழையுங்கள். சோதித்தபின் அது வெறும் வாயு என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பலாம். அதில் வெட்கம் ஏதுமில்லை.

நீரிழிவு நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் இன்னொரு எச்சரிக்கை. இவர்களுக்கு நெஞ்சுவலி சில வேளைகளில் தெளிவாகத் தோன்றாது. காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குதல், மேல்வயிற்று வலி, வியர்வை ஆகியவற்றோடு நோய் வந்துவிடும். தாய்மார்கள் அடுப்படி வேலை முடியட்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகட்டும் என்று தம் வலியைத் தள்ளிப் போடுவார்கள். அவர்கள் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

ஒருவர் திடீரென மயங்கி விழுந்து, மூச்சும் இல்லையெனில், உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவரை மல்லாத்திப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். மருத்துவ உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

தொண்டை வலியிலிருந்து வால்வு வரை

இதய நோய் முதியோர் நோய் என்பது இன்னொரு தவறான கருத்து. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைச் சரிவரக் கவனிக்காவிட்டால், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றலாம். வாதக் காய்ச்சல் எனப்படும் இது மூட்டை விட்டுப் போய்விடும். இதய வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போகும். மீண்டும் மீண்டும் வந்தால் வால்வு மேலும் கெடும். இதனைத் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவார்கள்.

இங்கேதான் நம் சமுதாயத்தின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நோயுற்றது ஆண்பிள்ளையாயின் ஊசி தவறாமல் போடப்படுகிறது. பெண்பிள்ளையாயின், “ஊருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது” என்று மறைக்கப்படுகிறது. நிக்காஹ் முடிந்தபின் புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று ஊசியும் நின்றுவிடுகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு வரை கூடுகிறது. குறுகிய வால்வால் அந்தப் பெருக்கைத் தாங்க முடியாது. மூச்சுத் திணறலோடு அவள் மருத்துவமனைக்கு வரும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. இரண்டு உயிர்கள் ஆபத்தில் நிற்கின்றன.

பெற்றோர்களே! மறைத்துச் செய்யும் திருமணத்தை விட, சொல்லிச் செய்யும் திருமணமே உங்கள் மகளைக் காக்கும். வால்வு நோயுள்ள பெண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் நலமுடன் வாழ்கிறார்கள். நோயின் நிலைக்கேற்பப் பிள்ளையும் பெறுகிறார்கள். பிள்ளையின் தாய் தந்தையர்களே! உண்மையைச் சொல்லிப் பெண் கொடுக்க வருபவர்களின் நேர்மையை மதியுங்கள். மறைப்பதற்கு அவர்களை நிர்ப்பந்திப்பது நம்முடைய பேச்சுகள்தாம்.

அன்றாடக் கவனம்

இரத்த அழுத்தம் அறிகுறி இல்லாமலே உயரக்கூடியது. மருத்துவர்முன் பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். மாத்திரையால் அழுத்தம் குறைந்ததும் “சரியாகிவிட்டது” என்று நிறுத்துவோர் பலர். மாத்திரை இருப்பதால்தான் அது குறைந்தது. புகைப்பதை நிறுத்துவது, உப்பையும் ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்றவற்றையும் குறைப்பது, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைத் தவிர்ப்பது, நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடப்பது ஆகியவை எவர்க்கும் இயலக்கூடியவையே.

ரமலான் மாதத்தில் இதய நோயாளிகள் மாத்திரை நேரத்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வதும், அறவே விட்டுவிடுவதும் நடக்கின்றன. நோன்பு பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு கேளுங்கள். நோன்பு நோற்கலாம் என்றால் மருந்தின் நேரத்தை அவரே மாற்றித் தருவார். கூடாது என்றால், நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்தே இருக்கிறது. இறைவன் தந்த சலுகையை மறுத்து உடலை அழித்துக்கொள்வது பக்தியாகாது. இதில் ஐயமிருப்பின் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

வாசகர்களே! இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் இல்லத்தில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் யார், அவர்களுடைய இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கடைசியாக எப்போது பார்க்கப்பட்டன என்று கேளுங்கள். அருகில் இரவிலும் ஈ.சி.ஜி. எடுக்கும் மருத்துவமனை எது என்பதை விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எழுத்தறியாத பெரியம்மா, பாட்டி இருந்தால் மாரடைப்பைப் பற்றிய பகுதியை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நள்ளிரவில் வலி வரும்போது வீட்டில் விழித்திருப்பவர் அவராகவும் இருக்கலாம்.